கண்டக்டர் கடைசியாகச் செய்த உருவம்

என் வீட்டுக்காரருக்கு அந்த வட்டத்தில் 'நீதிபதி' என்று பெயர். எந்த வட்டம் என்று யாராவது கேட்டால் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கும். தலை நரைத்த பிறகும் பொம்மை சேர்க்கிறவர்களின் வட்டம். அதிலும் உருவம் மாறும் ரோபோக்கள். மடக்கினால் லாரி, திருப்பினால் பறவை, நிமிர்த்தினால் இரண்டு காலில் நிற்கும் ரோபோ, எல்லாம் ஒரே பொம்மைதான். விற்கிறவரும் வாங்குகிறவரும் அடித்துக்கொள்ளாமல் இருக்க, முதலில் இவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அசலா போலியா, எவ்வளவு தேறும் என்று இவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

வார நாட்களில் இவருக்கு சுவிட்ச் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. பெல்ட்டில் வருகிறவற்றில் கோணலானதைப் பொறுக்கி சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். அதே புத்தியோடுதான் வீட்டுக்கும் வருவார். யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். என் தங்கை புது வீட்டுக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டபோது, அவளுடைய அலமாரிக் கதவின் கீலை முடுக்கிவிட்டுத்தான் கை கழுவப் போனார். அடுத்த தடவை மாமாவை ஸ்பானரோடு கூட்டி வா, பாத்ரூம் குழாயும் ஒழுகுகிறது என்றாள் அவள். நானும் சிரித்தேன். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

பொம்மை பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் சாப்பாட்டு மேஜையில், வெள்ளைத் துணி விரித்து. எந்த உருவத்தில் வந்தாலும் முதல் வேலையாக அதை ரோபோவாக நிமிர்த்திவிடுவார். அதற்குப் பிறகுதான் போட்டோ, அதற்குப் பிறகுதான் லென்ஸ். காலைப் பிடித்து லேசாக உலுக்கி மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். கீல் பக்கத்தில் பிளாஸ்டிக் வெளுத்திருக்கிறதா, வெயில் பட்டு மஞ்சளாகியிருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார். பாதி மடங்கியும் பாதி விரிந்தும் ஒரு பொம்மை வந்துவிட்டால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டவனைப் பார்த்த மாதிரி முகம் சுளிக்கும். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள், இவருக்குக் கை. அந்தக் கைதான் தையல் டீச்சர் விஷயத்தில் எங்களைத் தலைகுனிய வைத்தது.

தையல் டீச்சர் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடை மாடியில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். வாழ்நாளெல்லாம் ஸ்டாப் பெயரைக் கூவியே பிழைத்த மனுஷர் அவர். ஒருநாள் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையையும் பேச்சையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. எழுதிக் காட்டலாம் என்றால் இடது கைக்கு எழுத்து வரவில்லை. நினைத்தது ஒன்று, டீச்சர் கொண்டுவருவது ஒன்று என்று இரண்டு பேரும் அழாத நாள் இல்லையாம்.

அப்போதுதான் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தபோது, மகன் சின்னப் பையனாக இருந்த காலத்து ரோபோ வெளியே வந்தது. மகன் இப்போது வேறு நாட்டில் வேலையில் இருக்கிறான். சும்மா இருக்கிற கைக்கு ஏதாவது வேலை கிடைக்கட்டும் என்று டீச்சர் அதைக் கண்டக்டர் மடியில் போட்டார். அவர் இடது கையால் திருப்பித் திருப்பி, எந்த அட்டைப்பெட்டிப் படத்திலும் இல்லாத ஓர் உருவத்தைச் செய்து தூக்கிக் காட்டினார். நாயா என்று கேட்டார் டீச்சர். இல்லை என்று தலையாட்டினார். முக்காலியா என்று கேட்டதும் கண்டக்டருக்கு அப்படியொரு சிரிப்பு. ஜன்னலோரம் முக்காலி போட்டு உட்கார வேண்டும் என்று அவர் சைகையில் கேட்டும் புரியாமல் மாதக்கணக்காகியிருந்தது.

அன்றிலிருந்து அதுதான் அவர்கள் பேச்சு. டீக்கு ஓர் உருவம், மகனுக்கு ஓர் உருவம். சிறகு இரண்டையும் அகல விரித்துத் தலையை மட்டும் சின்னதாக வைத்தால் அது கண்டக்டரின் அக்கா. நாத்தனாரைச் சரியாகச் சொன்ன அன்றைக்கு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். சிலது உடனே புரியும், சிலதற்கு அரை நாள் பிடிக்கும். ஆனால் கடைசியில் எப்படியும் டீச்சர் சொல்லிவிடுவார்.

ஒரே ஒன்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு சாயங்காலம் கண்டக்டர் வெகுநேரம் மெனக்கெட்டு ஒன்றைச் செய்து காட்டினார். டீச்சர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். எதற்கும் தலையாட்டல்தான். நாளைக்குச் சொல்கிறேன், இப்போது தூங்குங்கள் என்று அதை அப்படியே ஷெல்பில் வைத்தார். மறுநாள் காலையில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போன கண்டக்டர் திரும்பி வரவில்லை.

அந்த உருவத்தை டீச்சர் தூசிகூடத் தட்டாமல் வைத்திருந்தார். தினமும் அதன் முன்னால் நின்று, என்னதான் கேட்டீர்கள் என்று யோசிப்பாராம். இந்த மாதிரி பொம்மையின் எல்லா உருவமும் அறிந்த ஒருவர் இருக்கிறார், ஒருவேளை இதற்கும் பெயர் இருக்கலாம் என்று மருந்துக்கடைக்காரர் எங்கள் வீட்டைக் காட்டிவிட்டிருக்கிறார். டீச்சர் செருப்புப் பெட்டியில் பஞ்சு வைத்து, பொம்மையை அசையாமல் வைத்து எடுத்து வந்தார். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தபோது காரியம் கெட்டுப்போயிருந்தது.

மூன்று மாடி ஏறி வந்ததில் அவருக்கு வாய் திறக்க மூச்சு இல்லை. நான் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். மகன் விட்டுப்போன பொம்மையை விற்க வந்த இன்னொரு அம்மா என்று இவர் நினைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். டீச்சர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கால் நீண்டு, சிறகு முதுகில் மடங்கி, தலை டக்கென்று மேலே வந்து, வெள்ளைத் துணியின் நடுவில் ரோபோ நிமிர்ந்து நின்றது.

"அருமையா வெச்சிருக்கீங்கம்மா. ஒரு கீல்கூட வெளுக்கல" என்றார், பெருமையோடு.

டீச்சர் பெட்டிக்குள் பார்த்தார். பஞ்சைத் தூக்கிப் பார்த்தார்.

"அது எங்க, தம்பி?"

"இதுதாம்மா அது."

"இது இல்ல. அவரு செஞ்சு வெச்சது."

அப்புறம்தான் மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னார். இவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வந்த கோபத்தில், வெளி ஆள் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல், கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா என்று கேட்டுவிட்டேன். திட்டாதே, நானும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று டீச்சர் எனக்குச் சமாதானம் சொன்னார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இவர் அங்கேயே உட்கார்ந்து திரும்ப மடக்கிப் பார்த்தார். சரியாக்கப் போகிற வழிதான் அவர் கைக்குத் தெரியும், வந்த வழி தெரியவில்லை. அந்த உருவத்தை எப்படியும் கொண்டுவந்துவிடுகிறேன் என்று டீச்சரிடம் சொல்லிப் பொம்மையை வாங்கி வைத்துக்கொண்டார். டீச்சர் போன பிறகு, எப்படி இருந்தது, கொஞ்சமாவது ஞாபகம் இல்லையா என்று கேட்டேன்.

"தப்பா இருக்குன்னு மட்டும்தான் பாத்தேன்" என்றார். "எப்படி இருக்குன்னு பாக்கல."

அதற்கப்புறம் மற்றவர்கள் பொம்மையைத் தொடவே இல்லை. வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மேஜைக்குப் போய்விடுவார். கண்டக்டர் இடது கையால்தானே செய்தார் என்று, வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு, பொம்மையைத் தொடையில் அழுத்தி, இடது கையால் மட்டும் திருப்பிப் பழகினார். பிடி நழுவிக் கீழே விழும். எடுத்து மறுபடி ஆரம்பிப்பார். முதல் நாள் அவரைக் கரித்துக்கொட்டிய எனக்கே அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேரும் டீச்சர் வீட்டுக்குப் போவோம். ஷெல்பில் அது இருந்த இடத்தை அவர் காலியாகவே விட்டிருந்தார். ஒரு சிறகு மேலே இருந்தது, தலை பாதி நெஞ்சுக்குள் இருந்தது, போர்வைக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது என்று அவர் அடையாளம் சொல்லச் சொல்ல இவர் செய்து காட்டுவார். முதல் வாரங்களில் டீச்சர் பார்த்த மாத்திரத்தில் பதில் சொல்லிவிடுவார். இல்லை, இன்னும் சாய்ந்திருக்கும். இல்லை, கால் இவ்வளவு நீளாது. இந்த வேகத்தில் போனால் பிடித்துவிடலாம் என்று நான்கூட நம்பினேன்.

போகப் போக அந்த வேகம் குறைந்தது. இல்லை என்று வெட்டிச் சொன்னவர், இருக்கலாம் என்று இழுக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பார். ஒருநாள், போன வாரம் நீங்கள் காட்டியதுதானே இது என்று கேட்டார். இல்லை, அது வேறு. இவருக்கோ உற்சாகம், நெருங்கிவிட்டோம் என்று மாடிப்படியில் என் காதில் சொன்னார். நான் டீச்சர் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

அடுத்த தடவை போனபோது இவர் புதிதாக ஒன்றைச் செய்து, பத்திரமாக இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினார். தலை பாதி உள்ளே, சிறகு மேலே, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து. இதுவரை செய்ததில் டீச்சர் சொன்ன அடையாளமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது அதுதான். எனக்கே மனது துள்ளியது. டீச்சர் வெகுநேரம் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார், திறந்தார், மறுபடி மூடினார்.

"போதும் தம்பி, விட்டுடுங்க" என்றார்.

இவருக்குப் புரியவில்லை. சாய்வு போதாதா, இன்னும் கொஞ்சம் சாய்க்கட்டுமா என்று கேட்டார்.

"முதல்ல கண்ண மூடினா அவரு செஞ்சது அப்படியே தெரியும். இப்ப மூடினா நீங்க செஞ்சதெல்லாந்தான் வரிசையா வருது. அதுல அவரோடது எதுன்னு எனக்கே தெரியல."

குரலில் கோபம் இல்லை. கோபித்துக்கொள்ளக்கூட அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று எனக்குத் தோன்றியது. அப்போதும் இவர் விரல்கள் அந்தச் சிறகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டுதான் இருந்தன. நான் எழுந்து போய்ப் பொம்மையை இவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.