கொக்கியில் தொங்கிய மைக்

மிக்கேல் அண்ணாச்சி போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது என் முன்னால் ஒரு மிக்சி திறந்து கிடந்தது. "மாமா, அப்பா காலையில எந்திரிக்கல" என்றாள். வருகிறேன் என்றேன். மிக்சிக்கு அடிமூடியைப் போட்டு, நான்கு திருகாணியையும் முடுக்கிவிட்டுத்தான் எழுந்தேன். கல்நெஞ்சு என்று நினைக்க வேண்டாம். 

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருபத்திரண்டு வருடம் அவரும் நானும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ரிப்பேர் வேலை பார்த்தோம். டிவி, மிக்சி, ஸ்டெபிலைசர், படகுகளின் வயர்லெஸ் செட் என்று வராத சாமான் இல்லை. கடை அவருடையது. அங்கே வந்துபோன உங்களுக்கெல்லாம் அவர் பேச்சு நினைவிருக்கும். "மொதல்ல பிளக்கப் பாரு, பெறவு வயரப் பாரு. பெட்டிய கடைசியாத் தொறந்தாப் போதும்" என்பார். நாசரேத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டு டிவி அடிக்கடி அணைந்துபோனது. மூன்று பேர் பிரித்துப் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். அண்ணாச்சி டிவியைத் தொடவே இல்லை. சுவரில் இருந்த பிளக் பாயிண்டைக் கழற்றி, கருகிப்போன வயர் நுனியை நறுக்கி, புதிதாகச் சீவி, திருகாணியை இறுக்கினார். இவ்வளவுதானா என்று ஆசிரியருக்கு முகம் விழுந்துவிட்டது. பெரிய வியாதி என்று நம்பியிருந்தார் போல.

இந்த அஞ்சலியில் இதைப்போல நாலு எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். முடியவில்லை. ஒன்பது வருடமாக ஒன்றைச் சுமந்து அலுத்துவிட்டேன்.

வயர்லெஸ் கெட்டுப்போனால் படகுக்காரர்கள் பெட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு வருவார்கள். பேசுகிற மைக் சுக்கான் பக்கத்துக் கொக்கியிலேயே தொங்கும். அண்ணாச்சி விடமாட்டார், போய் மைக்கையும் எடுத்து வரச் சொல்வார். அவர் புன்னைக்காயலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அன்று, ஒரு படகு முதலாளியின் ஆள் செட்டைக் கொண்டுவந்தார். கருகிய பியூஸை மாற்றி, கடை மைக்கைச் செருகிப் பேசிப் பார்த்தேன். நன்றாகப் பேசியது. கொடுத்தனுப்பிவிட்டேன்.

நடுக்கடலில் அந்தப் படகின் எஞ்சின் நின்றது. இரண்டு நாள் ஐந்து பேர் காற்று இழுத்த பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். மற்றப் படகுகள் பேர்சொல்லிக் கூப்பிட்டதெல்லாம் செட்டில் கேட்டிருக்கிறது. இவர்கள் கத்தியது ஒன்றும் வெளியே போகவில்லை. மைக் வயர் உப்பில் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போயிருந்தது.

தற்செயலாக ஒரு படகு பார்த்து இழுத்து வந்து சேர்த்தது. எஞ்சின் நின்ற படகின் டிரைவர் ராயப்பன் கரையிறங்கி நேரே கடைக்கு வந்தான். உதடெல்லாம் வெடித்திருந்தது. "செட்டப் பாத்தது யாருவே?"

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தார். "நாந்தான் பாத்தேன்" என்றார்.

"எம் பொஞ்சாதி தாலிய அறுக்கப் பாத்தீரேவே!" என்று தொடங்கி அவன் ஏசிய ஏச்சை எழுத முடியாது. அவன் போனபிறகு, ஏன் அண்ணாச்சி என்றேன். "ஒரு கடையில ரெண்டு பேரு ஏச்சு வாங்கணுமாக்கும்? வேலையப் பாருலே" என்றார். நான் வேலையைப் பார்த்தேன்.

அதன்பின் எந்தப் படகு செட்டையும் அவர் கடையில் வைத்துக் கொடுத்ததில்லை. மூட்டுவலியோடு படகில் ஏறி, மாட்டி, அந்தப் படகின் மைக்கிலேயே பேசி, இன்னொரு படகிலிருந்து பதில் வந்த பிறகே இறங்குவார். ராயப்பன் மட்டும் அவரோடு பேசவில்லை. கோயில் வாசலில் எதிரே வந்தால்கூட விலகிப் போனான். அது அண்ணாச்சிக்கு வலித்தது. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அடக்கத்தன்று ராயப்பன் கல்லறைத் தோட்ட வாசலிலேயே நின்றான். போய்ச் சொல்லிவிட்டேன்.

"அந்தச் செட்டப் பாத்தது நாந்தான், ராயப்பா. அவரு அன்னைக்கு ஊர்லயே இல்ல."

"இத அவரு இருக்கையில சொல்லிருக்கப்பிடாதா? நானும் ஒரு வார்த்த பேசியிருப்பம்லா" என்றான். பிறகு உள்ளே போனான்.

அவர் சாமான்கள் மகளுக்கு. அவர் சுமந்த பழி ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன், முதலிலிருந்தே அது என்னுடையது. உங்கள் எல்லோருக்கும் முன்னால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவர் கையிலிருந்து வாங்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.