சார்ஜாவுக்குப் போகாத ஏசல்

எந்த நாட்டில் எதைப் பேசினால் வம்பு வரும் என்பது பெரிய காஞ்சிபுரத்துக் கலைவாணிக்கு அத்துப்படி. சட்டம் படித்தவள் இல்லை. கல்யாணங்களை நேரலையாக இணையத்தில் காட்டுவது அவள் தொழில். இந்த ஊரில் கல்யாணம் என்றால் பாதி சனம் மண்டபத்தில் இருக்கும், மீதி சனம் கடல் தாண்டி இருக்கும். அந்த மீதி சனத்துக்கு லிங்க் அனுப்பிவிட்டு, கேமராவும் லேப்டாப்புமாக மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். இந்தத் தொழிலில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஊர்க் கல்யாணம் அத்தனையும் முதல் வரிசையில் பார்க்கிறேன், பந்தியிலும் உட்கார வைக்கிறார்கள், இதைவிட என்ன வேண்டும் என்பாள்.

சட்டமெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஒரு கல்யாணத்தில் மணமேடைக்குப் பின்னால் செவ்வந்திப் பூவில் பெரிய ஸ்வஸ்திக் வைத்திருந்தார்கள். ஜெர்மனியிலிருந்து பெண்ணின் அண்ணன் பதறிப்போய் போன் செய்தான். சாமி சமாசாரம் என்றால் அங்கேயும் சட்டம் ஒன்றும் செய்யாதாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை உட்கார வைத்து விளக்கம் சொல்ல அவனுக்குத் தெம்பு இல்லையாம். சிங்கப்பூர்க்காரர்கள் பார்க்கிறார்கள் என்றால் இனம், மதம் பற்றிய ஜோக்கே கூடாது. அமெரிக்காவில் யாரையும் வாய்க்கு வந்தபடி திட்டலாம், அரசாங்கம் கண்டுகொள்ளாது. நம் ஊரில் அவதூறுக்கு ஜெயில் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் வாய்தா உண்டு, வாய்தா வாங்கி வாங்கியே இரண்டு கட்சிக்காரருக்கும் தலை நரைத்துவிடும். சார்ஜா இருக்கிற அமீரகத்தில்தான் கொஞ்சம் சூடு. அங்கே போனில் ஒருவரைத் திட்டி அனுப்பினாலே வழக்கு வரலாம். இதையெல்லாம் அவள் கத்தரிக்காய் விலை சொல்வதுபோல் சர்வ சாதாரணமாகச் சொல்வாள்.

இத்தனை தெரிந்து வைத்திருந்ததுதான் அகிலாவின் கல்யாணத்தில் வினையாகப் போனது.

அகிலாவின் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டுமே பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பங்கள். சாயங்காலம் நலங்கு. நலங்கு என்றால் இவர்களுக்கு ஏசல் பாட்டு இல்லாமல் ஆகாது. பெண் வீட்டுப் பொம்பளைகள் மாப்பிள்ளை வீட்டு ஆட்களை ஒருவர் விடாமல் பெயர் சொல்லி ஏசுவார்கள். அவர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்பார்கள். பெண்ணின் அத்தை லோகாம்பாள் ஏசல் கட்டுவதில் கெட்டிக்காரி. மத்தியானமே கலைவாணியிடம் வந்து ஒருமுறை பாடிக் காட்டினாள். மாப்பிள்ளையின் சித்தப்பா ராமலிங்கத்துக்குக் கட்டிய பாட்டைக் கேட்டதும் கலைவாணி செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டாள். ராமலிங்கம் இருப்பது சார்ஜாவில். அதோடு, லோகாம்பாளின் மகன் தினேஷ் அவர் வாங்கிக் கொடுத்த வேலையில் சேர்ந்து, அவரோடு ஒரே அறையில் இருக்கிறான்.

"யக்கா, அவரு பாட்ட மட்டும் உட்டுடுங்க. திருடன்னு வருது. அந்த ஊர்ல போன்ல திட்டுனாலே கேஸு" என்றாள் கலைவாணி.

"நலங்குப் பாட்டுக்கு இன்னாமா கேஸு? எல்லாரையும் ஏசிட்டு அவர மட்டும் எப்படி உடறது?"

"நீங்க இங்க பாடிட்டுப் பூடுவீங்க. தினேஷுதானே அங்க அவரு பக்கத்துல உக்காந்துகினு இருக்கான்? அவனே நாலு பேருக்கு அனுப்பிட்டான்னா, கேஸு அவன் மேலதானே வரும்?"

லோகாம்பாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "உனுக்கு எப்பவும் பயம்மா" என்று சொல்லிவிட்டுப் பூ வைத்துக்கொள்ளப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஏசல் களைகட்டியது. மாப்பிள்ளையின் பெரியப்பா வழுக்கை, மாமா குறட்டை, தாய்மாமன் கஞ்சத்தனம் எல்லாம் சந்தி சிரித்தன. ஏச்சு வாங்கியவர்கள் எழுந்து கும்பிட்டு இன்னும் வாங்கிக்கொண்டார்கள். கலைவாணியும் சிரித்தாள், ஆனால் விரல் சத்தத்தை நிறுத்துகிற பொத்தான் மேலேயே இருந்தது. லோகாம்பாள் தொண்டையைச் செருமிக்கொண்டு "சார்ஜாவில சம்பந்தி" என்று எடுத்ததும் அமுக்கிவிட்டாள். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது, வெளிநாட்டுக்கு மட்டும் ஊமைப் படமாகப் போனது. பாட்டு முடிந்ததும் சத்தத்தைத் திறந்துவிட்டாள். ஒரு பிள்ளையின் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தினேஷ் அவளைப் போனில் கூப்பிட்டான்.

"அக்கா, சித்தப்பா செம கோவத்துல இருக்காரு. போன புடுங்குறாரு."

கலைவாணி போனோடு மண்டபத்து ஓரத்துக்கு ஓடினாள். உதட்டசைவை வைத்தே கண்டுபிடித்துவிட்டாரா? யாராவது மண்டபத்திலிருந்து எடுத்து அனுப்பிவிட்டார்களா? தினேஷின் வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டாள்.

"யாரும்மா சத்தத்த நிறுத்துனது?" என்றார் ராமலிங்கம்.

"நான்தாங்க."

"எங்கண்ணன ஏசுனீங்க. மச்சான ஏசுனீங்க. நேத்து வந்த பங்காளியக்கூட உடல. எம்பேரு வந்ததும் வாய மூடிட்டீங்களே. நான் இன்னா தெருவுல போறவனா?"

கலைவாணி தயங்கித் தயங்கி அந்த ஊர்ச் சட்டத்தைச் சொன்னாள்.

"எனுக்கே சட்டம் சொல்றியா? எத்தன வருசமா இங்க குப்ப கொட்டறேன்? புகார் குடுக்க ஒருத்தன் வேணும்மா. நானா குடுப்பேன்?" என்றவர் குரல் இறங்கியது. "நம்மூட்டுக் கல்யாணம் ஒண்ணுக்கும் வர முடியல. லீவு கிடைச்சா முகூர்த்தம் இல்ல, முகூர்த்தம் வந்தா லீவு இல்ல. என்ன யாரும் ஏசி எவ்ளோ நாளாச்சு தெரியுமா?"

கலைவாணிக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ஊர் உலகத்துச் சட்டமெல்லாம் தெரிந்து வைத்திருந்தவளுக்கு, நலங்கில் ஏச்சு வாங்காதவன் சொந்தக்காரன் இல்லை என்கிற தன் தெருக் கணக்கு மறந்துபோய்விட்டது. தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

அவள் மேடை ஏறி லோகாம்பாளின் காதில் விஷயத்தைச் சொன்னாள். லோகாம்பாள் வாய்விட்டுச் சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மைக் பக்கத்தில் வைத்தார்கள். கலைவாணி சத்தத்தை முழுதாகத் திறந்துவிட்டாள். ஜெர்மனியோ சிங்கப்பூரோ, யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

"சார்ஜாவில சம்பந்தி, சம்பளமோ கொள்ளை,
ஒட்டகத்துத் தீனியையும் விட்டு வைக்கவில்லை;
பேரீச்சம் பழத் திருடன், பேச்சு ரொம்பப் பெருசு,
பேச்சைவிடத் தொந்தி இன்னும் பெருசோ பெருசு."

மண்டபம் மறுபடி சிரித்தது. போனில் தினேஷும் கூட இருந்தவர்களும் சிரிப்பது கேட்டது. ராமலிங்கத்தின் குரலை மட்டும் காணோம். லோகாம்பாள் பயந்துபோய், "சம்பந்தி, லைன்ல இருக்கீங்களா?" என்றாள்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"இருக்கேம்மா" என்றார் அவர். "அந்தத் திருடன்ற எடத்த மட்டும் இன்னொரு வாட்டி பாடும்மா."