ஆந்தைக்கு ஒன்பது மணி நேர ஓய்வு

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருடமாக லாரி ஓட்டுகிறார். கூட ஓட்டுகிறவர்கள் அவரை ஆந்தை என்பார்கள். இரவு முழுக்க ஓட்டிவிட்டு, விடிந்த பிறகும் கண் சிவக்காமல் பேசிக்கொண்டு நிற்பாராம். அது முப்பது வயதில். இப்போது ஐம்பத்திரண்டு. இப்போது அந்தக் கண்ணில் சிவப்பு மறைவதே இல்லை.

வீட்டுக்கு வந்தால் கட்டிலில் தூக்கம் வராது. சத்தமில்லாமல் இருப்பதுதான் காரணம் என்பார். நான் மிக்ஸி போட்டால் போதும், நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிடும். அரைத்து முடித்து நிறுத்தியதும் திடுக்கிட்டு விழித்து, "எந்த ஊரு வந்திருக்கு?" என்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. ஒருமுறை சாப்பாட்டு மேசையில் தண்ணீர் டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, ஆள் இல்லை. முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தேன், இமை அசையவில்லை. ரோட்டில் எத்தனை முறை இப்படிப் போயிருப்பாரோ.

அதனால் எல்லா லாரியிலும் நேரம் பார்க்கும் கருவி வைக்கப் போகிறார்கள் என்றபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். வெளியே சொல்லவில்லை. நான் எதையும் வெளியே சொல்கிற ஆள் இல்லை.

முன்பெல்லாம் நோட்டில் எழுதுவார்கள். சோதிக்க வருகிற அதிகாரிக்கு ஒரு நோட்டு, உண்மைக்கு ஒரு நோட்டு. இப்போது டிரைவர் தன் கார்டை அந்தக் கருவியில் செருகினால்தான் வண்டி எடுக்கலாம். சக்கரம் உருண்டால் அது எழுதிக்கொள்ளும், நின்றால் எழுதிக்கொள்ளும், எழுதியதை அப்படியே அரசாங்க ஆபீசுக்கும் அனுப்பிவிடும். ஒரு நாள் ஓட்டம் முடிந்தால் ஒன்பது மணி நேரம் சேர்ந்தாற்போல ஓய்வு. நடுவில் வண்டி கொஞ்சம் நகர்ந்தாலும் ஓய்வு முறிந்தது என்று அர்த்தம். மறுபடி முதலிலிருந்து. ஓய்வு முடியாமல் வண்டி எடுத்தால் ஒரு தப்பு. மூன்று தப்பு சேர்ந்தால் ஆறு மாதத்துக்குக் கார்டு முடக்கம். டிரைவர்கள் அதற்கு மாமியார் என்று பேர் வைத்துவிட்டார்கள். உட்கார்ந்தாலும் கேள்வி, எழுந்தாலும் கேள்வி.

இவருக்கு முதல் வருடத்திலேயே இரண்டு தப்பு விழுந்தது. அன்றைய ஓட்ட நேரம் முடிகிற சமயத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் பன்னிரண்டு நிமிடம் கூட ஓட்டியதற்கு ஒன்று. இரண்டாவதுதான் அவருக்கு ஆறவே இல்லை. சரக்கு இறக்கும் கிடங்கு வாசலில் லாரி வரிசையில் நின்றபடியே ஓய்வு எடுத்திருக்கிறார். எட்டே முக்கால் மணி நேரம் ஆனபோது காவலாளி வந்து கதவைத் தட்டி, "முன்னால போ" என்றிருக்கிறார். அரைத் தூக்கத்தில் கை தானாகச் சாவியைத் திருகிவிட்டது. நகர்ந்தது பத்து மீட்டர். ஒன்பது மணி நேரம் ஆகிவிட்டது என்று நினைத்து அவர் பாட்டுக்கு ஓட்டி வந்துவிட்டார்.

"கெடங்குக்காரன் பதினோரு மணி நேரம் காக்க வச்சா அது யார் கணக்கிலயும் வராது. நான் பத்து மீட்டர் நகந்தா ஊர்க்குத்தம்" என்றார். "மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு சும்மாவா சொன்னாங்க?"

அதற்குப் பிறகு வரிசையில் நிற்கும்போது அவர் தூங்குவதில்லை. தட்டுவார்களோ, கை சாவிக்குப் போய்விடுமோ என்று விழித்தே படுத்திருப்பார். தூங்க வைக்க வந்த கருவி, இருந்த தூக்கத்தையும் கெடுத்துவிட்டது.

போன மாதம் ஒரு நாள் காலையில் போன் செய்தார். பத்தொன்பது நாளாக வீட்டுக்கு வரவில்லை. அன்று சரக்கு இறக்கிவிட்டால் சாயங்காலம் வீடு. ஆனால் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து மூன்று நாள் ஆகிறது, தலை சுற்றுகிறது என்றார். கிடங்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ். மாத்திரையும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சுற்றுச்சுவரை ஒட்டி நாற்பது லாரி நின்றது. உள்ளே சரக்கு இறக்கும் இயந்திரம் விடியற்காலையிலிருந்து ரிப்பேராம். இவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, கண் திறந்திருக்கிறது, ஆள் பாதிதான் இருக்கிறார். சாப்பிட்டு மாத்திரை போட்டார். கருவியில் ஓய்வு ஆறு மணி நேரம் பத்து நிமிடம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க தூங்குங்க. நான் பாத்துக்கறேன்."

"நீயா?" என்று சிரித்தார். "பஸ்ல 'எறங்கணும்'னு சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு அடுத்த ஸ்டாப்புல எறங்குற ஆளு நீ. காவலாளி வந்தா என்ன சொல்லுவ?"

"சாவியக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தார். சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்கு அடியில் போட்டேன். இருக்கைக்குப் பின்னால் இருந்த பலகையில் படுத்தவர், நான் திரும்பிப் பார்ப்பதற்குள் குறட்டை விட்டார்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் எண் படிக்கத் தெரியும். ஏழு ஆனது. எட்டு ஆனது. வெயில் கண்ணாடி வழியாக வந்து அவர் காலில் விழுந்தது. என் துப்பட்டாவை எடுத்து ஜன்னலில் தொங்கவிட்டேன். எட்டு முப்பத்தொன்பது ஆனபோது முன்னால் எஞ்சின்கள் உறுமின. வரிசை நகர்ந்தது.

காவலாளி கம்பை எடுத்துக்கொண்டு வருவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. கதவில் தட்டினால் இவர் எழுந்துவிடுவார். தட்டுவதற்கு முன்னால் இறங்கிவிட வேண்டும் என்று அவசரமாக இறங்கியதில் கடைசிப் படியில் முழங்கால் சிராய்த்தது.

"டிரைவர் எங்கம்மா? பன்னெண்டு வண்டிய உள்ள விடறோம். எடுக்கச் சொல்லுங்க."

"தூங்கறாரு."

"எழுப்புங்க."

"இன்னும் இருபத்தொரு நிமிஷம் இருக்கு." என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"பின்னால நிக்கிறவங்க என்ன, வேடிக்கை பாக்கவா வந்திருக்காங்க?"

அதற்குள் பின்னாலிருந்து ஒரே ஹாரன். பின் வண்டிக்காரர் இறங்கி வந்தார். நல்ல ஆகிருதி, தோளில் துண்டு.

"என்னக்கா பிரச்சினை? சாவியக் குடுங்க, நான் நகத்தி விடறேன். பத்து மீட்டர்தானே?"

"யார் நகத்தினாலும் அவர் கார்டுலதான் ஏறும்." பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "ஏற்கெனவே ரெண்டு இருக்கு."

பின் வண்டிக்காரர் எங்கள் லாரியின் நம்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆந்தையண்ணன் வண்டியா இது? ஆந்தையா தூங்குது?"

தலையாட்டினேன்.

"யோவ்," என்று காவலாளி பக்கம் திரும்பினார். "ஆந்தை பகல்லதானய்யா தூங்கும். கம்ப அந்தாண்ட வை." பிறகு என்னிடம் குரலைத் தணித்தார். "நாங்க சுத்திப் போயிடறோம்கா. ஆனா உங்க மொறை போயிடும். இந்தப் பன்னெண்டு உள்ள போச்சுன்னா அப்புறம் நாளைக்குத்தான் கேட்டத் தெறப்பாங்க. அண்ணனக் கேட்டுக்கோங்க."

நாளைக்கு என்றால் இன்றைக்கு வீடு இல்லை. காலையில் கிளம்பும்போது கட்டிலுக்குத் துவைத்த விரிப்புப் போட்டுவிட்டு வந்திருந்தேன். உள்ளே குறட்டைச் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. எழுப்பிக் கேட்டால் நகர்த்திவிடுவார். வீட்டுக்கு வர வேண்டும் என்று நகர்த்திவிடுவார். அது எனக்குத் தெரியும்.

"நீங்க போங்க" என்றேன்.

பின்னால் நின்ற லாரிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கி எங்களைத் தாண்டிப் போயின. ஒருவர் திட்டிக்கொண்டே போனார். ஒருவர் கும்பிட்டுவிட்டுப் போனார், கேலியா நிஜமா தெரியவில்லை. பன்னிரண்டாவது உள்ளே போனதும் கேட்டைச் சாத்தினார்கள். நான் மறுபடி ஏறி உட்கார்ந்தேன். ஒன்பது ஆனது. எழுப்பவில்லை.

அவராக எழுந்தபோது பத்து மணி ஐந்து நிமிடம் ஓடியிருந்தது. முன்னால் காலியாகக் கிடந்த ரோட்டைப் பார்த்தார். சாத்தியிருந்த கேட்டைப் பார்த்தார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"எழுப்பியிருக்கலாம்ல?"

கருவியைப் பார்த்தார். முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். லாரி கம்பெனி ஆபீசிலிருந்து போன் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து கத்துவது எனக்கே கேட்டது. "ஆமா சார். ஆமா சார். நாளைக்குத்தான் சார்" என்று மட்டும் சொல்லி வைத்தார். பிறகு என் முழங்காலைப் பார்த்தார்.

"என்ன இது?"

"படியில இடிச்சுக்கிட்டேன்."

"எறங்கிப் போயி பேசுனியா? நீயா?" தண்ணீர் பாட்டிலை எடுத்து முழங்காலைக் கழுவக் கொடுத்தார். "பாப்பாவ சாப்பிடச் சொல்லு. எனக்காக முழிச்சிருக்க வேணாம்."

பொழுது இருக்கும்போதே பஸ் ஏறினேன். முழங்கால் வலித்தது. எங்கள் ஸ்டாப் வந்தபோது வழியெல்லாம் கூட்டம். "எறங்கணும்" என்று சொல்ல அன்றைக்கும் வாய் வரவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்துகொண்டிருந்தபோது அவர் போன்.

"சாவி எங்க வச்ச?"

நின்றுவிட்டேன். பையைத் திறந்தேன். டப்பாவுக்கு அடியில் இருந்தது.

"ஐயையோ, எங்கிட்ட இருக்கு. அடுத்த பஸ்ஸப் புடிச்சு வந்துடறேன்."

கத்தப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு கொட்டாவி விடுவது கேட்டது.

"இப்ப வராத. காலைல மொத பஸ்ல வா. கேட்டத் தெறக்கறது ஏழு மணிக்குத்தான்" என்றார். "இன்னிக்கு எவன் வந்து தட்டினாலும் வண்டி நகராது. நான் தூங்கறேன்."