பொன்னுத்தங்கத்தின் புழுப்பெட்டி

எள் இலையைத் திருப்பி, புழுவைப் பிடித்து இழுக்காமல், அது தானாகப் பிடி விடும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருப்பாள் பொன்னுத்தங்கம். கட்டைவிரல் பருமன், பச்சை உடம்பு, பக்கவாட்டில் சாய்ந்த கோடுகள், வாலில் சுருண்ட கொம்பு. கால் விட்டதும் காலிச் சரவெடிப் பெட்டிக்குள் போடுவாள்.

வெம்பக்கோட்டைப் பக்கம் எள் விதைக்கிற எவரும் கொம்புப் புழுவைக் கண்டால் செருப்புக்காலால் ஒரே தேய்ப்பு. இவளோ பெட்டியைச் சுமந்து போய் ஓடைக்கரை ஊமத்தஞ்செடிகளில் விட்டுவிட்டு வருவாள். ஊமத்தைக்கு அடுத்தது என் கத்தரித் தோட்டம். கத்தரி இலையும் அதற்கு விருந்துதான். வயிறு எரிந்து ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"கோவிச்சுக்கிடாதீகண்ணே. அவுக வீடு வந்து சேர்ற வரைக்கும் என் கையால ஒரு உசிரு போகாதுன்னு இருக்கன்குடி ஆத்தாகிட்ட நேந்திருக்கேன்."

அவுக என்றால் அவள் புருஷன் ஆண்டிச்சாமி. தீபாவளி லோடு அவசரத்தில் பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்து, மதுரை ஆஸ்பத்திரியில் வாழை இலை மேல் கிடந்தான். ஆண்கள் வார்டு என்பதால் கூட இருந்தது கொழுந்தன் செல்லப்பாண்டி. இவள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அதைக் கேட்டபின் கத்தரிப் பேச்சை விட்டுவிட்டேன்.

களை வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழுப்பு நிறக் கூட்டுப்புழு வந்து விழுந்தால், குழி பறித்துத் திரும்ப மூடுவாள். ஒருநாள் வேலமரத்தில், கூட்டிலிருந்து வெளிவந்த அந்துப்பூச்சியே உட்கார்ந்திருந்தது. மஞ்சள் வயிறு, முதுகில் மண்டையோடு மாதிரி ஒரு முகம். தொட்டதும் கீச்சென்று கத்தியது.

"கட்டு அவுத்தப்ப அவுக மூஞ்சியும் இப்படித்தாண்ணே இருந்துச்சு" என்றாள். "மண்ணுக்குள்ள கெடந்தது எந்திரிச்சு வந்துருச்சு பாத்தீகளா."

எந்திரிச்சு வந்தது சும்மா இருக்குமா? மறுபடி அவள் எள்ளிலேயே முட்டை வைத்தது. பூவெடுக்க வேண்டிய காடு பாதி மொட்டைக் குச்சியாக நின்றது. அவளுக்கு இருந்தது அந்த ஒரு வெள்ளாமைதான். அப்போதும் ஒரு புழுவை அவள் மிதிக்கவில்லை.

நேற்றுக் காலை என் செல்லில் செல்லப்பாண்டி பேசினான். "அண்ணன் போயிட்டாக. மதினிகிட்ட நீங்களே சொல்லிருங்க."

வரப்பில் நடந்து போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"முடிஞ்சிருச்சாண்ணே?"

தலையாட்டினேன்.

இனி நேர்ச்சை இல்லை, நசுக்கிவிடலாம். பெட்டியில் அன்று பொறுக்கியது நிறையக் கிடந்தது. "இதுகளாச்சும் எந்திரிச்சு வரட்டும்ணே" என்று மூடியைத் திறந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, மிச்சமிருந்த எள் இலைகளில் திரும்ப விட்டாள்.