கோப்பியா, மைலோவா?

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து குரல் வந்துவிடும்.

"கோப்பியா, மைலோவா?"

வந்திருப்பது யாரென்று பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்வி இல்லை இது. கேஸ் தூக்கி வருகிறவர், தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவர், வீடு மாறிக் கதவைத் தட்டிய பார்சல்காரர் என்று எல்லோருக்கும் இதே கேள்விதான். பதில் சொல்லாமல் விழித்தால் அமுதவள்ளியே தீர்ப்பு சொல்லிவிடுவார். "வேர்த்து ஊத்துது, ஐஸ் போட்டு மைலோ கலக்குறேன். உக்காருங்க லா." வேண்டாம் என்று சொல்லித் தப்பியவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கிள்ளானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார். அங்கே லிஃப்ட் கிடையாது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பூப்போட்ட நைட்டி, தோளில் ஒரு துண்டு, நெற்றியில் அகலமான பொட்டு, கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. முன்பு மேருவில் ஒரு தொழிற்சாலை வாசலில் காலை நேரத்தில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும் வடையும் விற்றவர். அந்தப் பழக்கமோ என்னவோ, எதிரே இருப்பவர் வாய் அசையாமல் சும்மா இருந்தால் இவருக்குக் கை பரபரக்கும்.

கட்டிலிலிருந்து அடுப்படிக்கு அவர் போகிற அழகைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் வீட்டில் சாமான்கள் சுவரோரம் இருக்கும். இங்கே வீட்டின் நடுவில் வரிசையாக நிற்கின்றன. கட்டிலை விட்டால் கைக்கெட்டும் தூரத்தில் தையல் மிஷின், அதை விட்டால் குளிர்பெட்டி, அப்புறம் அடுப்பு. அடுத்ததைத் தொட்ட பிறகுதான் முந்தியதை விடுவார். ஒவ்வொன்றுக்கும் ரயில் நிலையத்தின் பெயர் வைத்திருக்கிறார். கட்டில் கிள்ளான். தையல் மிஷின் பாடாங் ஜாவா. குளிர்பெட்டி ஷா ஆலாம். அடுப்படிதான் சென்ட்ரல். பாதியில் நின்று மூச்சு வாங்கும்போது, "இருங்கக்கா, பாடாங் ஜாவால சிக்னல் விழல" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நான் அப்போதுதான் அந்த ரயிலில் வந்து இறங்கியிருந்ததால் மற்றவர்களைவிட உரக்கவே சிரித்தேன்.

நான் போனது ஒரு படிவத்தை நிரப்ப. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள் நான். சனிக்கிழமைகளில் அங்கே ஒரு சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து, மலாய்ப் படிவங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். முன்கோபக்காரி என்ற பெயரும் அங்கே எனக்கு உண்டு. அமுதவள்ளியின் கணவர் ரெங்கசாமி பக்கத்துக் கட்டடத்தில் காவலாளி. உடற்குறையுள்ளவர்களுக்கான மாத உதவிக்கு மனைவி பெயரில் விண்ணப்பிக்க வேண்டும் என்று வந்து நின்றார். மனைவியையும் அழைத்து வாருங்கள் என்றேன்.

"அவ வர மாட்டா மேடம். இது கெடச்சா நான் ரெண்டாவது ஷிப்ட்ட விட்டுட்டு நேரத்தோட வீட்டுக்குப் போயிருவேன். அவ தனியா இருக்கக் கூடாது" என்றார். ஏன் கூடாது என்று கேட்டதற்கு, வந்து பாருங்கள் என்று வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்தார். ஆகவே நானே கிளம்பிப் போனேன்.

படிவம் விலாவாரியானது. நடமாட்டத்துக்கு ஒரு பக்கம், மனநிலைக்கு ஒரு பக்கம். நான் மலாயில் படித்துத் தமிழில் கேட்டேன். வீட்டுக்குள் உதவியில்லாமல் நடக்க முடியுமா?

"ஓ, நடப்பேனே."

படி இறங்க முடியுமா?

"எறங்கலாம்க்கா. எறங்குனா ஏறணும், அதான் பாக்குறேன்."

கடைசியாக எப்போது கீழே போனீர்கள்?

"தீபாவளிக்கு."

எந்தத் தீபாவளிக்கு?

சிரித்துக்கொண்டே முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார். பயம், பதற்றம் ஏதாவது அன்றாட வேலையைக் கெடுக்கிறதா என்றேன். "பயம் யாருக்குத்தான் இல்ல? அதெல்லாம் போயி எழுதுவாங்களா!" என்றார். எனக்குள் எரிச்சல் மூண்டது. எல்லாம் முடியும் என்றால் என்னை எதற்கு ரயிலேற்றி வரவழைத்தார்கள் என்று நினைத்தபடி பக்கத்தைத் திருப்பினேன்.

கீழே யாரோ மோட்டார் சைக்கிளை முறுக்கினார்கள். இளவட்டங்கள் ஊரெல்லாம் கேட்கும்படி உறும விடுவார்களே, அப்படி. நான் நிமிர்ந்தபோது எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

அமுதவள்ளி தரையில் கிடந்தார். தையல் மிஷினின் இரும்புக் காலை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்து, கன்னத்தை அதில் அழுத்திக்கொண்டு, கண்ணை விரியத் திறந்தபடி கிடந்தார். சத்தமே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வலிப்பு வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வண்டி போய், அந்தச் சத்தம் தெருமுனையில் தேய்ந்து, அதற்குப் பிறகும் அவர் பிடியை விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தெடுத்தேன். அப்போது பார்த்தேன், அந்த இரும்புக் காலில் அவர் கை பட்ட இடத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து பளபளவென்று இருந்தது.

"விட்டா இழுத்துக்கிட்டுப் போயிருவான்க்கா" என்றார், மூச்சு திரும்பியதும்.

அதற்குப் பிறகுதான் கதை வெளியே வந்தது. விடிகாலையில் கடை போடப் போனபோது, மேரு சாலையில் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். சங்கிலி அறுபடவில்லை. கனமான சங்கிலி, ஆசையாகச் செய்தது. வண்டி நிற்காமல் இவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. இடுப்பெலும்பு நொறுங்கி, தகடு வைத்து, ஒரு கால் குட்டையாகிவிட்டது. இதை அமுதவள்ளி எப்படிச் சொன்னார் தெரியுமா? "வடச் சட்டியோட ஓசி ரைடுக்கா! ரோட்ட நல்லா கூட்டிக்கிட்டே போனேன்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். குடித்த மைலோ தொண்டைக்கு வந்தது.

"முடியும்" என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு வேறு படிவம் எடுத்தேன். இந்த முறை நான் கேட்கவில்லை, கண்ணால் பார்த்ததை எழுதினேன். வீட்டைப் பார்க்க அதிகாரி வருவார், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது, இருப்பதை இருப்பதுபோலச் சொன்னால் போதும் என்று தலையில் அடித்துச் சொல்லாத குறையாகச் சொன்னேன்.

"சரிக்கா, சரிக்கா. நீங்க இன்னொரு மைலோ குடிங்க."

அதிகாரி வந்த அன்று நானும் போயிருந்தேன். வசுந்தரா என்று பெயர். இள வயதுப் பெண், மூன்று மாடி ஏறி முகமெல்லாம் சிவந்திருந்தார். அமுதவள்ளி பட்டுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்து, கல்யாண வீட்டுக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தார். பார்த்ததுமே எனக்கு உதறல் எடுத்தது. அந்தப் பெண் செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

"கோப்பியா, மைலோவா?"

கேட்டதோடு நிற்கும் என்று நினைத்தேன். அமுதவள்ளி எழுந்தார். எழுந்து, நடந்தார். பாடாங் ஜாவாவைத் தொடவில்லை, ஷா ஆலாமைத் தொடவில்லை. கையை வீசிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போய், தட்டில் மூன்று டம்ளரும் முறுக்கும் வைத்து, தளும்பாமல் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். இப்படி ஒரு நடையை நான் அந்த வீட்டில் கண்டதே இல்லை.

"ஐயோ ஆன்டி, எதுக்கு இதெல்லாம்" என்று சொன்னாலும், கொடுத்ததை மறுக்க மனம் வராமல் அந்தப் பெண் குடித்தார். பிறகு கேள்விகள். "பரவால்லம்மா, சமாளிச்சுக்குறேன்" என்றே எல்லாவற்றுக்கும் பதில். அதிகாரி படிவத்தைப் பார்த்தார், அமுதவள்ளியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பொய் எழுதிக் கொடுக்கிறவளைப் பார்க்கிற பார்வை அது.

அவர் படியிறங்கியதும் கத்தித் தீர்த்துவிடலாம் என்று திரும்பினேன். அமுதவள்ளி குளிர்பெட்டியில் சாய்ந்தபடி மெல்ல மெல்லக் கீழே சரிந்துகொண்டிருந்தார். முகம் சாம்பலாகியிருந்தது. பட்டுப்புடவை வேர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. சமையல் மேடையில் வலி மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது. ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை.

"எத்தனைம்மா போட்ட? பைத்தியமா ஒனக்கு?" என்று கத்தியேவிட்டேன்.

"மொத மொத வீட்டுக்கு வந்த புள்ளக்கா. வெயில்ல ஏறி வந்துருக்கு. வாய நனைக்காம அனுப்புனா நல்லாவா இருக்கும்?"

கோபம், பரிதாபம் எதுவும் எனக்கு உடனே வரவில்லை. நம்ப முடியாமல் நின்றேன், அவ்வளவுதான். கணவன் நேரத்தோடு வீடு திரும்பப்போகிற நாள்களையெல்லாம் ஒரு டம்ளர் மைலோவில் கலக்கிக் கொடுத்துவிட்டு, சீனி போதுமாக இருந்ததா என்று வேறு என்னிடம் கேட்கிறார்.

கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்கிறார், உதவிக்குத் தகுதியில்லை. அந்த அதிகாரியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்டதைத்தானே எழுதினார். ரெங்கசாமியும் மனைவியை ஒரு சொல் சொல்லவில்லையாம். கடிதத்தைப் பார்க்க நான் கிள்ளானுக்குப் போனபோது, என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார். "நான் வேலைக்குக் கெளம்பும்போது அவ மிஷின் பக்கத்துல உக்காந்துக்குவா மேடம். சில நாளு நான் திரும்பி வரும்போதும் அங்கதான் இருப்பா. சோறு அப்படியே இருக்கும்." யாராவது வந்து கதவைத் தட்டினால்தான் அவர் எழுந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டுகிறவர்களுக்கெல்லாம் மைலோ கிடைப்பதன் காரணமும் புரிந்தது. அன்று ரயிலில் திரும்பும்போது பாடாங் ஜாவா நிலையம் வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேல்முறையீடு செய்தோம். மருத்துவர் கடிதம் வைத்தோம். மறுபடியும் வீட்டைப் பார்க்க ஆள் வந்தது. வந்தது அதே வசுந்தரா.

செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. அமுதவள்ளியின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. இந்த முறை பட்டுப்புடவை இல்லை, பூவும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் நைட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி பழைய தாளைப் புரட்டினார். "அன்னைக்கு நல்லா நடந்தீங்களே ஆன்டி. மைலோ எல்லாம் கலக்கிக் குடுத்தீங்க."

"மாத்திர போட்டுக்கிட்டு நடந்தேன்மா."

"ஏன் ஆன்டி?"

"நீங்க வந்தீங்களே."

பேனா நின்றது. வெளியே கடும் வெயில். மின்விசிறி காற்றும் அனலாகத்தான் இறங்கியது. அந்தப் பெண் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா ஆன்டி?"

தாகமா, சோதனையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் எழுந்து போய் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் நான் எழுந்தால் எல்லாமே நான் ஆட்டுவிக்கிற நாடகம் என்றாகிவிடும். நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அமுதவள்ளியின் இரண்டு கைகளும் நாற்காலியின் கைப்பிடிக்குப் போயின. முழங்கை விறைத்தது. உடம்பு லேசாக மேலே எழும்பியது. அமுதா, வேண்டாம் என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அவர் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார், எழுந்தும் எழாமலும். பிறகு பொத்தென்று உட்கார்ந்தார்.

"எனக்கு முடியாதும்மா. ஃபிரிஜ்ல இருக்கு." குளிர்பெட்டியைக் கையால் காட்டினார். "நீங்களே எடுத்துக் குடிச்சுக்குங்க."

முன்பு அவர் எழுந்து நடந்தபோது நான் திகைத்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. வந்த விருந்தாளியைப் பார்த்து நீயே எடுத்துக் குடி என்று அந்த வாய் சொல்லும் என்று நான் நினைத்ததே இல்லை. சொன்னவரும் நினைத்திருக்க மாட்டார். அடி வாங்கிய முகமாக இருந்தது அது.

வசுந்தரா பேனாவை மூடிவைத்தார். எழுந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்தார். நின்றபடியே ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்தார். திரும்பி வந்து காலி டம்ளரைத் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு, உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

என்ன எழுதுகிறார் என்று நான் எட்டி எட்டிப் பார்த்தேன். அமுதவள்ளி அந்தப் பக்கமே திரும்பவில்லை. கையை நீட்டி டம்ளரை எடுத்தார். தோளில் கிடந்த துண்டால் அதன் விளிம்பைத் துடைத்தார், அடியைத் துடைத்தார். மடியில் நிமிர்த்தி வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் எழுதி முடித்து, செருப்பை மாட்டி, படியிறங்கிப் போகும்வரை அதைக் கீழே வைக்கவே இல்லை.