ஓடினால் மட்டும் வரும் மயக்கம்: ஒரகடத்தில் ஐந்து நாள்

போன மாசியில் ஐந்து நாள் விடுப்பு போட்டுக்கொண்டு ஒரகடம் போனேன். ஊர் சுற்ற அல்ல. வல்லம் வடகாலில் செல்போன் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் தங்கை செல்வி, வயது இருபத்திரண்டு, ஒரே மாதத்தில் மூன்று தடவை மயங்கி விழுந்திருந்தாள். இதே மாதிரி அலையப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கோவில்பட்டியிலிருந்து பேருந்தில் பெருங்களத்தூர், அங்கிருந்து படப்பை வழியாகச் சேரப்பணஞ்சேரி. காலை 7.10க்கு அவள் விடுதியில் இருந்தேன். எட்டு மணிக்கு ஷேர் ஆட்டோ கிளம்பப் பார்த்தது.

“வெரசா ஓடி வாட்டி” என்று விரட்டினேன். ஓடி வந்து ஏறியவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப அலட்டாதே என்றேன்.

ஸ்ரீபெரும்புதூர் கிளினிக்குக்குப் போக இரண்டு ஆட்டோ, ஆளுக்கு எழுபது ரூபாய், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒன்றேகால் மணி நேரம். தொழிற்சாலையின் முதலுதவி அறையில் கொடுத்த சீட்டில் ‘காலை உணவு சாப்பிடவில்லை’ என்று இருந்தது. கிளினிக் டாக்டர் அதைப் படித்தார், செல்வியைப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார், நார்மல் என்றார், சத்து மாத்திரை எழுதினார். மறுநாள் வேறு கிளினிக். அதே சீட்டு, அதே ஈசிஜி, அதே மாத்திரை.

“நாலு இட்லி தின்னுட்டுத்தானக்கா விழுந்தேன்” என்றாள் வெளியே வந்து.

“அத உள்ள சொல்றதுக்கு என்ன?”

“அவங்க கேக்கவே இல்லயே.”

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

மூன்றாம் நாள் காலை 5.40க்கு அவள் விடுப்புக் கடிதத்தைக் கம்பெனி பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தேன். வெறும் வயிற்று மயக்கமாம் என்றேன் கடுப்பாக.

“இன்னாக்கா வெறும் வயிறு? நான் டெய்லி பாத்துகினுதான கீறேன். ஓடியாந்து ஏறுற அன்னிக்கிதான் பொண்ணு மயங்கி உழுது. நடந்து வந்தா ஒண்ணும் ஆவறதில்ல.”

அன்றே சென்னையில் ஓர் இதய மருத்துவரிடம் போனோம். சீட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, ஓட்டுநர் சொன்னதை மட்டும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்தார்.

“ஓடும்போது மட்டுமா?”

மறுநாள் சிடி ஆஞ்சியோகிராம். இதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகும் இடது குழாய், பிறவியிலேயே வலது பக்கம் இடம் மாறிக் கிளம்பி, இரண்டு பெரிய இரத்தக்குழாய்களுக்கு நடுவே நுழைந்து போகிறதாம். ஓடினால் நசுங்குமாம். “படுக்க வெச்சு எடுக்குற ஈசிஜில இது பெரும்பாலும் தெரியாதும்மா. இன்னொரு தடவ ஓடியிருந்தா எழுந்திருப்பாளான்னு சொல்ல முடியாது” என்றார்.

ஐந்தாம் நாள் அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கினோம். அது நல்லபடியாக முடிந்து, இப்போது ஊரில் இருக்கிறாள்.

போகிறவர்களுக்கு: இந்த ஸ்கேனுக்கு முந்தின நாளிலிருந்தே டீ, காபி கூடாது, துடிப்பு ஏறிவிடும். மயக்கம் எப்போது வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். சீட்டை நம்பாதீர்கள்.

சீட்டு எழுதியவரையும் டாக்டர்களையும் நன்றாகவே திட்டிவிட்டேன். ஆனால் முதல் நாள் காலை எட்டு மணிக்கு, அவள் ஓடி வந்து நெஞ்சைப் பிடித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.