பட்டைத் தண்ணீரில் போட்ட படம்

ஆம்பூரில் தோல் பதனிடும் மண்டி ஒன்றில், தோலை ஊறவைக்கும் பட்டைக் குழிகளுக்கு மேஸ்திரியாக இருந்த காலத்தில் எனக்குப் படம் பிடிக்கும் பித்து இருந்தது. வேலையை விட்டுச் சீமைக்குப் போன ரயில்வே கார்டு ஒருவர் ஜோலார்பேட்டையில் தம் சாமான்களை விற்றபோது, அவருடைய படப்பெட்டியை நான் வாங்கினேன். பெட்டியைச் சுற்றியிருந்த கறுப்புத் தோல் எந்த ஆட்டினுடையது என்பதை விரலால் தடவியே சொல்ல முடிந்தது. அதைக் கையாளக் கற்பதற்கோ இரண்டு வருஷம் ஆயிற்று. பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவன் நான். கூட வந்த ஆங்கிலக் கைப்புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிடுவேன். குடியாத்தம் சந்தை, வேலூர்க் கோட்டை அகழியோரம், பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் மொள்ளும் பெண்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். ஆனால் யாரையும் நிற்கச் சொல்லி எடுத்ததில்லை. பிறர் பார்ப்பது தெரியாதபோதுதான் மனிதன் தன் சொந்த முகத்தோடு இருக்கிறான் என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையைப் பற்றி எனக்குக் கர்வமும் இருந்தது.

எங்கள் மண்டியில் ஆவாரம்பட்டை இடிக்கும் பெண்களில் ஒருத்தி, அந்த வருஷம் சித்திரை மாதத்தில், ஒரு நாள் லீவு வேண்டுமென்று கணவனோடு வந்து நின்றாள். அவன் எங்கள் மண்டியிலேயே, தோலின் மயிரை நீக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்பவன். பினாங்கு ரப்பர்த் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியிடம் பெயர் கொடுத்துவிட்டிருந்தான். அவர்களுக்கு ஆறு மாதப் பெண் குழந்தை. அவன் திரும்பி வருவதற்குள் குழந்தை வளர்ந்துவிடும், அப்பன் முகம் தெரியாமல் போய்விடும் என்று, வேலூரில் உள்ள படக்கடையில் அவனை உட்காரவைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ள இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

நான் தடுத்தேன். அந்தக் கடையில் அன்னமும் குளமும் எழுதிய திரைக்கு முன்னால் எல்லோரும் கொலுப் பொம்மை மாதிரி விறைத்துக்கொண்டு உட்காருவார்கள், அது அவன் முகமாகவே இராது என்றேன். "நான் எடுத்துக் குடுக்கறேம்மா. ஆளு நடமாடுற மாதிரியே இருக்கும்" என்றேன். அவள் பக்கத்தில் நின்ற கணவனைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே, "மேஸ்திரியே எடுக்கறேன்னு சொல்றாரு. உனக்கு இன்னா பேஜாரு?" என்றான். படக்கடைப் பயணம் அத்தோடு நின்றது.

புறப்படும் நாளில் நானும் அவர்களோடு காட்பாடி வரை போனேன். நாகப்பட்டணம் போய்க் கப்பலேறுகிறவர்கள் அங்கேதான் விழுப்புரம் வண்டிக்கு மாற வேண்டும். மேடையில் ஒரே கூட்டம். நான் அவர்களிடமிருந்து விலகி, ஒரு கைவண்டியின் மேல் பெட்டியை வைத்துக் காத்திருந்தேன். என் பக்கம் பார்க்கக் கூடாதென்று அவனிடம் முன்பே சொல்லியிருந்தேன். வண்டி அசைவதற்குச் சற்று முன்னர், படிக்கட்டில் நின்றபடி குனிந்து குழந்தையின் காலைத் தொட்டான். அந்தக் கணத்தில் விசையைத் தட்டினேன். அதைவிட நல்ல படம் என் வாழ்நாளில் எனக்கு வாய்த்ததில்லை என்று அப்போதே தெரிந்தது.

படம் கண்ணாடித் தகட்டின்மேல் பூசிய மெல்லிய பசையில் பதிந்திருக்கும். இருட்டறையில் மருந்து நீரில் இட்டால்தான் அது வெளிப்படும். கோடையில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்; வெதுவெதுப்பான நீரில் பசை இளகிக் கண்ணாடியை விட்டு வழுக்கிவிடும். ஆகையால் பனிக்கட்டி வேண்டும், இல்லையேல் குளிர்காலம் வரை பொறுக்க வேண்டும் என்று கைப்புத்தகம் தெளிவாகச் சொல்லியிருந்தது. ஐப்பசி மழை வரைக்கும் அந்தத் தகடு என் பெட்டியில் பத்திரமாக இருந்திருக்கும். அவள் அவசரப்படுத்தவில்லை. பொறுக்க முடியாதவன் நானே.

மண்டி அடைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், ஜன்னல் இல்லாத பட்டைக் கிடங்கில் சிவப்புத் துணி சுற்றிய விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தகட்டில் உருவம் எழும்பியது. அப்படிப்பட்ட தகட்டில் வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் தெரியும். கறுத்த முகமும் வெள்ளைத் தலைமுடியுமாக அவன் குனிந்து நின்றான். நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே ஒரு மூலையில் பசை சுருண்டு மிதக்கத் தொடங்கியது.

அப்போது என் தொழில் புத்தி வேலை செய்தது. அந்தப் பசை தோல் கழிவிலிருந்து காய்ச்சுவதென்று நான் படித்திருந்தேன். எங்கள் மண்டியின் சீவல்களையே வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிறவர்கள் மூட்டை மூட்டையாக ஏற்றிப் போவார்கள். ஆகவே இதுவும் தோல்தானே என்று எண்ணினேன். அழுகும் தோலை இறுக்கி நிறுத்துவது எது? இருபது வருஷமாக நான் கலக்கிக்கொண்டிருந்த ஆவாரம்பட்டைத் தண்ணீர். ஒரு குவளை மொண்டு வந்து தகட்டின்மேல் ஊற்றினேன். பசை உடனே இறுகியது. சுருண்ட மூலையும் படிந்தது. புத்தகம் எழுதியவனுக்கே தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்ந்தேன்.

உலர உலர அது தோலாகவே மாறியது. முதலில் பழுப்பேறியது, பிறகு காய்ந்த செருப்பின் நிறம் வந்தது, மாலைக்குள் சுருக்கம் விழுந்து, பின்னாலிருந்து வெயில் அடித்தாலும் ஒளி புகாத பலகையாகிவிட்டது. படக்காகிதத்தின்மேல் வைத்து மூன்று நாள் வெயிலில் காயவைத்தேன். காகிதம் வெளுப்பாகவே இருந்தது.

அவளிடம் உள்ளதைச் சொன்னேன். தகட்டைக் கேட்டு வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்குள்ளதான இருக்காரு, மேஸ்திரி?" என்றாள். ஆம் என்றேன். முந்தானையில் சுற்றி எடுத்துப்போனாள். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பினாங்கிலிருந்து யாரோ எழுதிக்கொடுத்த ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மூன்று வருஷம் கழித்து மறுபடியும் ஆள் சேர்க்க வந்த கங்காணியை நானே போய் விசாரித்தேன். அவன் வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டான், உயிரோடு இருக்கிறானா என்று தெரியாது என்றார். நான் படப்பெட்டியை அதன்பிறகு திறக்கவில்லை.

அந்தப் பெண் குழந்தை வளர்ந்து, தாயைப் போலவே பட்டை இடிக்க வந்தாள். தாய் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மறுவருஷம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஒரு நாள் பழைய துணியில் சுற்றிய அந்தத் தகட்டோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா இருந்த வரைக்கும் நான் கேக்கவே இல்ல. அப்புறம் கேட்டுக்கலாம்னு இருந்துட்டேன்" என்றாள். "இப்ப உங்கள விட்டா சொல்றதுக்கு ஆளு இல்ல, மேஸ்திரி. எங்கப்பா இன்னா மாதிரி இருப்பாரு?"

நான் கண்ணை மூடி நினைவுகூர முயன்றேன். காட்பாடி மேடை அப்படியே வந்தது. இரும்புத் தூணின் நிழல், நீராவி, தாயின் இடுப்பிலிருந்து தொங்கிய குழந்தையின் கால், எல்லாம் வந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுத்த முகமும் வெள்ளைத் தலையுமாக யாரோ ஒரு கிழவன் நின்றான். தகட்டில் கண்டது என் மனத்தில் அவனை மூடிவிட்டது. பல வருஷம் ஒரே மண்டியில் வேலை செய்தவனாயிற்றே என்று அதற்கும் முன்னால் தேடினேன். சுண்ணாம்புக் குழியில் நிற்பவர்கள் குனிந்தே இருப்பார்கள்; மேலே நின்று பார்த்த எனக்கு அவன் முதுகுதான் தெரிந்திருந்தது. சந்தையில் முன்பின் அறியாதவர் முகத்துக்காக ஊர் ஊராகப் போன நான், தினமும் பக்கத்தில் நின்றவன் முகத்தைப் பார்த்து வைக்கவில்லை.

"நல்ல உயரமான ஆளும்மா" என்றேன்.

"அது அம்மாவும் சொல்லிச்சு" என்றாள்.

பிறகு தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு பட்டை இடிக்கும் கொட்டகைக்குத் திரும்பிப் போனாள். அவளுக்குக் கொடுக்க என்னிடம் மிஞ்சியிருந்தது அந்த உயரம் ஒன்றுதான். அதுவும் அவளிடம் முன்பே இருந்தது.